ரோஜாவில் பூச்சித் தொல்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காண்பது எப்படி?

ரோஜா வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என்ன மருந்து அடிக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?" பூச்சி இன்னதென்று தெரிந்துவிட்டால், மருந்து தேவையா இல்லையா என்பதற்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும். தெரியாமல் அடித்தால் இருக்கும் தொல்லை போதாதென்று புதிதாக ஒன்று வந்து சேரும்.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் செடியில் காண்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில் வரும், மருந்து கடைசியில் வரும்.

பரிசோதனைக்கு வேண்டியவை மூன்று: ஒரு வெள்ளைத் தாள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு டார்ச் விளக்கு. காலையில் ஒரு முறையும் நன்றாக இருட்டிய பிறகு ஒரு முறையும் செடியைப் பாருங்கள். பகலில் மட்டும் பார்ப்பவருக்கு இரவு வண்டு அகப்படாது.

அறிகுறி 1: தளிரிலும் மொட்டுக் காம்பிலும் சிறு பூச்சிகள் மொய்க்கின்றன

பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, கறுப்பாகவோ 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தொட்டால் மெதுவாக நகர்ந்தால் அது அசுவினி. உருப்பெருக்கியில் பார்த்தால் உடலின் பின்பக்கத்தில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ரோஜாவுக்கு வரும் பூச்சிகளில் இதைவிட எளிதாக அடங்குவது வேறில்லை. ஆனாலும் இதற்குத்தான் மக்கள் மிகக் கடுமையான மருந்தை எடுக்கிறார்கள்.

எதையும் தெளிக்கும் முன் இரண்டைத் தேடுங்கள்.

முதலாவது, கூட்டத்துக்கு நடுவே அசையாமல் உப்பி, பழுப்பு நிறமாகிப் போன அசுவினிகள். அவற்றின் உடலுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது. அவை கணிசமாகத் தெரிந்தால் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரம் பொறுங்கள்.

இரண்டாவது, பொறிவண்டின் புழு. இது வளர்ந்த பொறிவண்டைப் போல உருண்டையாக இருக்காது. கருநிற உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு நீளமாக, ஆறு கால்களால் வேகமாக ஊரும். இதைக் கெட்ட புழு என்று நினைத்து நசுக்கிவிடுபவர்கள் ஏராளம். அது இருக்கும் கிளையில் எதையும் தெளிக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டும் இல்லையென்றால் வரிசையாக இப்படிச் செய்யுங்கள்:

- ஒன்றிரண்டு மொட்டுகளில் மட்டும் என்றால் விரலால் வழித்து நசுக்கிவிடுவது போதும்.
- செடி முழுவதும் என்றால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். ஒரு கையால் தளிரைத் தாங்கிக்கொள்ளுங்கள், ஒடியாது. காலையில் செய்தால் இலை வெயிலுக்குள் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். கீழே விழுந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் ஏறி வருவதில்லை.
- அப்படியும் குறையவில்லையென்றால் சோப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர் மென்மையான திரவ சோப்பு. துணி துவைக்கும் தூள் வேண்டாம், தளிர் கருகும்.
- அதற்கும் அடங்காதவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். கலக்கும் முறை கடைசிக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது.

அசுவினி திரும்பத் திரும்ப வந்தால் உரத்தைக் கவனியுங்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுகொழுவென்று இளந்தளிர் விடும். அசுவினி விரும்புவதும் அதையேதான். யூரியா போன்றவற்றைச் சிறிது காலம் நிறுத்திவையுங்கள்.

இலை மேல் வெள்ளைத் தவிடு தூவியது போல உதிரி உதிரியாகக் கிடந்து, தொட்டால் நகராமல் ஊதினால் பறந்துவிட்டால் அது பூச்சியல்ல. அசுவினி உரித்துப் போட்ட தோல்தான்.

அறிகுறி 2: இலை பிசுபிசுக்கிறது, மேலே கறுப்புப் படலம், எறும்பு வரிசை

கறுப்புப் படலத்தை ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போய்விட்டால் அது கரும்பூசணம். சாறு உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மேல் வளர்வது அது. இலையை நேரடியாகத் தாக்காது. ஆகவே பூசணக்கொல்லி அடிப்பதில் பயனில்லை. கழிவு எங்கிருந்து சொட்டுகிறது என்று மேலே நிமிர்ந்து பாருங்கள்.

துடைத்தாலும் போகாமல், ஓரம் இழை இழையாகப் பிரிந்த கரும்புள்ளியாக இருந்து, சுற்றிலும் இலை மஞ்சளாகியிருந்தால் அது கரும்புள்ளி நோய். பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தப் பக்கத்தில் அதற்கு வழி கிடைக்காது.

வழிகாட்ட எறும்பு இருக்கிறது. எறும்பு ஏறும் பாதையைப் பின்தொடருங்கள். அது போய் நிற்கும் இடம்:

- தளிர் நுனி என்றால்: அசுவினி. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.
- இலைக் கக்கம், கிளைப் பிரிவு, அங்கே பஞ்சு போன்ற வெண்மை என்றால்: மாவுப்பூச்சி. அறிகுறி 6.
- தண்டின் மேல் அசையாத பழுப்புக் குமிழ்கள் என்றால்: மெல்லுடல் செதில் பூச்சி. அதுவும் அறிகுறி 6.
- செடியை அசைத்ததும் வெள்ளையாகக் குபீரென்று பறந்தால்: வெள்ளை ஈ. மஞ்சள் நிற ஒட்டுப்பொறி அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிட்டு, இலையின் அடிப்பக்கத்தில் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள்.

எறும்பை அப்படியே விட்டுவிட்டு மற்றதைச் சரிசெய்ய முடியாது. இனிப்புக்காக எறும்புகள் இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் விரட்டிவிடும். அடித்தண்டில் காகிதப் பட்டையைச் சுற்றி, அதன் மேல் ஒட்டும் பசையைத் தடவுங்கள். பசையை நேரடியாகத் தண்டில் தடவக் கூடாது. பக்கத்துச் சுவரையோ செடியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு அந்த வழியாக வரும். தொட்டிச் செடிக்குத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவே செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தாலே போதும்.

அறிகுறி 3: மொட்டு விரியவில்லை, இதழ் ஓரம் பழுப்பாகிறது

முதலில் மொட்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

*ஓட்டை இருந்தால்,* மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ, பக்கவாட்டில் கோடுகளோடு ஒரு புழு இருக்கும். தலையை மொட்டுக்குள் விட்டு, உடலின் பாதி வெளியே தெரிய உண்பதும் உண்டு. இது மொட்டுத் துளைப்பான். ஒரே புழு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து பல மொட்டுகளைக் கெடுக்கும். ஆகவே ஓட்டை விழுந்த மொட்டுகள் அனைத்தையும் கிள்ளி, புழு அகப்படும்வரை தேடுங்கள். வீட்டுத் தோட்டத்தில் இதற்குக் கையே போதும்.

*ஓட்டை இல்லை, ஓரம் மட்டும் கருகியிருக்கிறது என்றால்,* வெள்ளைத் தாளை எடுங்கள். பாதி விரிந்த பூவைத் தாளின் மேல் பிடித்துப் பலமாகத் தட்டுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், ஊசிமுனை போல மெலிந்த மஞ்சள் அல்லது பழுப்புப் பூச்சிகள் ஓடினால் இலைப்பேன். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற வெளிர்நிறப் பூக்களில்தான் சேதம் பளிச்சென்று தெரியும். சில வகை இலைப்பேன்கள் பூவை விட்டுத் தளிரைத் தாக்கும். அப்போது இளம் இலை சுருங்கி, ஓரம் மேல்நோக்கி மடிந்து, பழுப்பேறும்.

*தாளில் எதுவும் விழவில்லை, தொடர்மழைக்குப் பிறகுதான் இப்படி ஆனது என்றால்,* இதழ்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அழுகியிருக்கலாம். மேலே சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தால் ஐயமே வேண்டாம். அந்த மொட்டுகளை வெட்டிவிட்டு, செடிக்கு நடுவே காற்று புகும்படி உட்கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

இலைப்பேன் என்று உறுதியானால் பொறுமை வேண்டும். முட்டை செடியின் திசுவுக்குள் இருக்கிறது. கூட்டுப்புழு பெரும்பாலும் மண்ணில் இருக்கிறது. வளர்ந்தது இதழ் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு முறை தெளித்தால் இவற்றில் எதையும் முழுதாகத் தொட முடியாது. பாதித்த பூ, மொட்டு எல்லாவற்றையும் வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடக் கூடாது. வாடிய பூவைச் செடியிலேயே விட்டுவைக்காதீர்கள். நீல நிற ஒட்டுப்பொறியைத் தொங்கவிடுங்கள். அது முழுதாகப் பிடித்துவிடாது, கூட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். பிறகு வேப்பெண்ணெயை 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். அதன் பிறகும் மொட்டுகள் கருகினால்தான் ஸ்பினோசாட் என்னும் பூச்சிக்கொல்லி பற்றி யோசிக்க வேண்டும். அது ஈரமாக இருக்கும்வரை தேனீக்களுக்கு ஆபத்து, ஆகவே தேனீக்கள் அடங்கிய மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும்.

அறிகுறி 4: இலை பச்சை மங்கி, நுண்ணிய மஞ்சள் புள்ளிகளோடு வெளுக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ரோஜாச் செடிகள் தவறான மருந்தால் வீணாவது இங்கேதான்.

வெப்பமும் வறட்சியும் சேர்ந்த நாட்களில், சுவரோரத்திலும் காற்றோட்டம் குறைந்த மூலையிலும் இருக்கும் செடிகளில் முதலில் தோன்றும். கீழ் இலைகளில் தொடங்கி மேலே ஏறும். இலை தூசி படிந்தது போலத் தெரியும், கழுவினாலும் பளபளப்பு திரும்பாது. முற்றினால் இலைகளுக்கு இடையே மெல்லிய நூலாம்படை தெரியும்.

சோதனை எளிது. சந்தேகப்படும் இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, அரை நிமிடம் காத்திருங்கள். புள்ளிகள் நகர ஆரம்பித்தால் செஞ்சிலந்தி. இது பூச்சியே அல்ல. எட்டுக் கால்கள் கொண்ட, சிலந்தி இனத்தைச் சேர்ந்த உயிர். அதனால்தான் பொதுவான பூச்சிக்கொல்லிகளில் பல இதனிடம் செல்லுபடியாவதில்லை. அவை செஞ்சிலந்தியை விட்டுவிட்டு, அதைத் தின்று வாழும் நல்ல உயிர்களை மட்டும் கொன்றுவிடும். "அசுவினிக்கு மருந்து அடித்தேன், அசுவினி போயிற்று, இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது" என்று சொல்பவர்களின் செடியைப் போய்ப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் செஞ்சிலந்தி இருக்கும். குறிப்பாகப் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பிறகு இப்படி நேர்வது நன்கு அறியப்பட்டது.

செய்ய வேண்டியது முதலில் தண்ணீர், பிறகும் தண்ணீர். கைத்தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கத்தை வேகமாகக் கழுவுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு வாரம். நல்ல வெப்பத்தில் முட்டை ஒரு வாரத்திலேயே முழு வளர்ச்சி அடைந்துவிடும். இடையில் ஒரு வாரம் விட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நூலாம்படை கட்டிய இலைகளை முழுவதுமாகப் பறித்துவிடுங்கள். செடியை நீருக்கு வாட விடாதீர்கள், வாடிய செடியில் இது வேகமாகப் பெருகும். பக்கத்தில் புழுதி கிளம்பும் பாதை இருந்தால் அதில் தண்ணீர் தெளித்துவையுங்கள்.

கழுவியும் புதிய இலைகளில் புள்ளி விழுந்தால் வேப்பெண்ணெய் அல்லது நனையும் கந்தகம், இரண்டில் ஒன்று. இரண்டும் அல்ல. எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளிலும் கந்தகம் கூடாது. அளவு உறையில் இருக்கும், அதற்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம். செஞ்சிலந்திக்கென்றே விற்கும் சிலந்திக்கொல்லி கடைசிப்படி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இது சீக்கிரம் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும்.

அறிகுறி 5: இலையில் ஓட்டை

ஓட்டையின் வடிவம்தான் விடை.

*ஓரத்திலிருந்து கத்தரியால் வெட்டியது போன்ற சீரான அரைவட்டம்:* இலை வெட்டும் தேனீ. இலையை அது உண்பதில்லை, கூட்டுக்கு அறை கட்ட எடுத்துச் செல்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிர். செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. எதுவும் செய்யாதீர்கள்.

*தாறுமாறான ஓட்டைகள், ஒரே இரவில் பெருகியவை, இலையில் எச்சம் இல்லை:* இரவு வண்டு. முதல் மழைக்குப் பிந்தைய வாரங்களில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிவரும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு போய், செடிக்கடியில் பழைய துணியை விரித்துக் கிளையை உலுக்குங்கள். விழுந்ததைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். சில இரவுகள் விடாமல் செய்தால் நல்ல பலன் உண்டு. பகலில் பூவுக்குள் இதழைத் தின்னும் வண்டுகளும் இருக்கின்றன. அவற்றை அதிகாலைக் குளிரில், சோம்பிக் கிடக்கும்போது எடுப்பது சுலபம்.

*ஓட்டையோடு, கீழ் இலைகளில் கறுப்பு அல்லது பச்சை எச்ச உருண்டைகள்:* புழு. எச்சத்துக்கு நேர் மேலே தேடுங்கள். இலையின் அடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் கண்டால் அந்த இலையை மட்டும் கிள்ளிவிடுங்கள், நூற்றுக்கணக்கான புழுக்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கம்பளிப்புழுவைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கையால் எடுத்து மாளாது என்னும் நிலையில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. சிறு புழுக்களிடம்தான் அது நன்றாக வேலை செய்யும். வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளியுங்கள்.

*பச்சைப் பகுதி மட்டும் சுரண்டப்பட்டு, கண்ணாடி போல மெல்லிய தோல் மிஞ்சியிருக்கிறது:* முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த சிறு புழுக்களாக இருக்கலாம், ரம்பக் குளவியின் புழுவாகவும் இருக்கலாம். உருப்பெருக்கியில் உடலின் நடுவிலும் பின்பகுதியிலும் இருக்கும் சதைக்கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடி அல்லது அதற்குக் குறைவு என்றால் அந்துப்பூச்சியின் புழு. ஐந்துக்கு மேல் என்றால் ரம்பக் குளவி. மேலே சொன்ன பாக்டீரியா மருந்து அதற்குப் பலிக்காது. சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ நேரடியாக உடலில் படும்படி தெளியுங்கள்.

*பளபளக்கும் கோழைத் தடம்:* நத்தை. இரவில் பொறுக்கி எடுங்கள்.

அறிகுறி 6: தண்டில் பஞ்சு அல்லது பொருக்கு

நகத்தால் சுரண்டுங்கள்.

பஞ்சு போல நசுங்கி, உள்ளே இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் சாறு வந்தால் மாவுப்பூச்சி. மெழுகுப் போர்வை இருப்பதால் தெளிப்பு மருந்து வழிந்து ஓடிவிடும். சிறிய அளவில் இருந்தால், 70 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடைப்பது மிகவும் நம்பகமான வழி. பரவியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் போர்வையைக் கலைத்துவிட்டு, உடனே சோப்புக் கரைசல் தெளியுங்கள். தொட்டிச் செடியில் திரும்பத் திரும்ப வந்தால் வேர்க்கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள், சில வகைகள் வேரிலும் தங்கும்.

தட்டையான வெண் செதில்களாகவோ பழுப்புக் குமிழ்களாகவோ உரிந்து வந்தால் செதில் பூச்சி. வெண் செதில் பெரும்பாலும் முதிர்ந்த அடித்தண்டில்தான் படரும். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். தண்டே தெரியாத அளவுக்கு மூடியிருந்தால் அந்தக் கிளையைக் கவாத்து செய்து எரித்துவிடுங்கள். பிறகு வேப்பெண்ணெய். முட்டையிலிருந்து வெளிவந்து ஊர்ந்து திரியும் பருவத்தில்தான் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். அதைக் கண்டுபிடிக்க, தண்டைச் சுற்றி இருபக்கமும் பசையுள்ள நாடாவை ஒட்டிவைத்து, அதில் மஞ்சள் துகள்கள் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள்.

மருந்து அடித்த பிறகும் செதில்கள் ஒட்டியே இருப்பதால் அவை உயிரோடு இருக்கின்றன என்று பொருளல்ல. நசுக்கினால் சாறு வராமல் உலர்ந்து பொடிந்தால் செத்தவை.

அறிகுறி 7: கிளை அல்லது செடி முழுவதும் வாடுகிறது

முதலில் மண்ணில் விரலை விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், சேறாக இருந்தால் வேர் அழுகல். பூச்சியைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

ஒரு கிளை மட்டும் வாடினால், அதை வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். நடுவில் துளையோ தூளோ இருந்தால் தண்டுத் துளைப்பான். உட்சோறு வெள்ளையாகத் துளையின்றித் தெரியும்வரை கீழே கீழே வெட்டிக்கொண்டு போங்கள். துளை இல்லாமல், கவாத்து செய்த முனையிலிருந்து கறுப்பு கீழிறங்கினால் அது நுனிக்கருகல் என்னும் பூசண நோய். அதற்கும் வெட்டுவதே வழி. கருமைக்குக் கீழே, நல்ல திசுவில் வெட்டி, கத்தரியை ஆல்கஹாலில் துடையுங்கள்.

செடி முழுவதும் வாடி, ஈரமண்ணிலும் தேறாமல், இழுத்தால் எளிதாகக் கையோடு வந்துவிட்டால் வேர் தின்னப்பட்டிருக்கிறது. மண்ணைக் கிளறினால் அரைவட்டமாகச் சுருண்ட, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் அகப்படும். அறிகுறி 5-இல் சொன்ன இரவு வண்டுகளின் குழந்தைகள் இவை. மக்காத சாணம் போட்ட மண்ணில் மிகுதியாக இருக்கும். கிளறிப் பொறுக்கி, நன்றாக மக்கிய உரத்துக்கு மாறி, மெட்டாரைசியம் என்னும் நன்மைப் பூசணத்தை மண்ணில் கலந்துவிடுங்கள். தண்டின் அடியில் மண்பூச்சு ஏறியிருந்தால் கரையான். மண்பூச்சை உடைத்துவிட்டு, அருகிலுள்ள காய்ந்த கட்டை, சருகு எல்லாவற்றையும் அகற்றுங்கள்.

தெளித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றால்

காரணம் பெரும்பாலும் மருந்தில் இல்லை, தெளித்த விதத்தில் இருக்கிறது. சோப்புக் கரைசல் ஈரமாக இருக்கும்போது பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வேலையில்லை. இலையின் மேல்பக்கத்தை மட்டும் நனைத்தால் அடியில் இருப்பவை சுகமாக இருக்கும். உவர்நீரில் சோப்பு திரிந்துவிடும், மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள்.

வேப்பெண்ணெயை நேரடியாகத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்கும். ஒரு லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் எண்ணெயோடு 1 அல்லது 2 மில்லிலிட்டர் திரவ சோப்பை முதலில் குழைத்து, வெதுவெதுப்பான சிறிது நீரில் பால் போலக் கரைத்து, பிறகு மீதி நீரைச் சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மாலைதான் நேரம். வாடிய செடிக்குத் தெளிக்கவே கூடாது. வேப்பெண்ணெய் பூச்சியை உடனே சாய்க்காது. உண்பதையும் வளர்வதையும் தடுக்கும். மறுநாளே எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவு மருந்துகளை நான் பூக்கும் ரோஜாவுக்குப் பரிந்துரைப்பதில்லை. மகரந்தத்துக்கும் போய்ச் சேர்ந்து தேனீக்களைப் பாதிக்கும். இதழ்களை உண்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

நிபுணரை அழைக்க வேண்டிய கட்டம்

வேரோ அடித்தண்டோ தாக்கப்பட்டு ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வாடினால் காத்திருக்காதீர்கள். கரையான் மண்பூச்சு வீட்டுச் சுவரை நோக்கிப் போனால் அது தோட்டக்காரரின் வேலை அல்ல, கரையான் ஒழிப்பவர்களை அழையுங்கள். செஞ்சிலந்தியோ இலைப்பேனோ, முறையாக மூன்று சுற்று தெளித்தும் புதிய தளிரில் தொடர்ந்தால் தோட்டக்கலை அலுவலரிடம் போங்கள். எந்த மருந்துப் பிரிவுக்கு மாறுவது என்பதை அவர் சொல்லட்டும். தளிர் ரத்தச் சிவப்பாகி, முட்கள் அளவுக்கு மீறிப் பெருகி, குச்சிகுச்சியாகக் கொத்துக்கொத்தாக வளர்ந்தால் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அந்தக் கிளையை மற்ற செடிகளுக்கு அருகே அசைக்காமல் காட்டுங்கள்.

போகும்போது நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேர்ந்திருக்கும் கிளைத்துண்டு ஒன்றை உலர்ந்த செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஈரத் துணியில் சுற்றினால் போய்ச் சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். இலையின் அடிப்பக்கத்தைக் காட்டும் புகைப்படமும், கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன தெளித்தீர்கள், எந்தத் தேதியில் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும். அவர் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.